அனைவரும் என்ற அழைப்பில் யார் யார்?

கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் 1893இல் பாப்பரசர் 13ஆம் லியோ ஒரு குருமடத்தை நிறுவினார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருக்களை உருவாக்கிய அந்த மடம் 1955இல் புனேக்கு இடம்பெயர்ந்தது. இன்று அங்கே இலங்கையின் தேசிய குருமடம் இயங்குகிறது.

அங்கே படித்தவர்கள் குருப்பட்டம் பெறும் நாளில், பீடத்தின் முன்னே முகங்குப்புறக் கிடப்பார்கள். சபை புனிதர் மன்றாட்டுமாலையைப் பாடும். மரியா, மிக்கேல், பேதுரு, பவுல் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, முடிவில் புனிதர் அனைவரையும் ஒரே வரியில் அழைக்கும். எல்லோரையும் சேர்த்து அழைக்கலாம் என்றால் அத்தனை பெயர்கள் எதற்கு? பெயர்களே போதுமென்றால் அந்த ஒரு வரி எதற்கு?

யோசவ் வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்கு வந்தார். ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் அடைத்தார்கள். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல்தான் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அறிவிப்பு ஒருவரைப் புனிதராக்குவதில்லை, அவர் ஏற்கெனவே விண்ணகத்தில் இருப்பதை உறுதிசெய்கிறது என்பதே திருச்சபையின் போதனை. அப்படியானால் முந்நூறு ஆண்டுகள் கண்டி மக்கள் அந்தப் பொது வரியைச் சொன்னபோதெல்லாம், தங்களை அறியாமலே அவரையும் அழைத்திருக்கிறார்கள்.

ஜாவாவில் நிரல் எழுதுவோரும் இதே கேள்வியில் பிரிந்து நிற்கிறார்கள். தேவையான வகுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி இம்போர்ட் செய்யலாம். நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாகவும் அழைக்கலாம். நிரல் ஓடும் வேகம் இதனால் மாறாது. ஆனால் 1998இல் ஜாவா 1.2 வந்தபோது, ஏ.டபிள்யூ.டி. தொகுப்பில் ஏற்கெனவே இருந்த 'லிஸ்ட்' வகுப்போடு, யூட்டில் தொகுப்பிலும் புதிதாக ஒரு 'லிஸ்ட்' சேர்ந்தது. இரண்டு தொகுப்புகளையும் நட்சத்திரம் போட்டு அழைத்து, வெறுமனே 'லிஸ்ட்' என்று எழுதியிருந்த பழைய நிரல்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் எந்த லிஸ்ட் என்று புரியாமல் கம்பைலர் அவற்றை மறுத்தது. வேண்டியதைப் பெயர் சொல்லி ஒரு வரி சேர்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். கூகுளின் ஜாவா நடைவிதிகள் நட்சத்திர இம்போர்ட்டுக்கு இடமே தருவதில்லை. நிரலைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. எந்திரத்துக்கு இன்னார் என்று சொல்லியாக வேண்டும். முகம் தெரியாதவரை நம்பி அழைப்பது வழிபாட்டில் மட்டுமே கூடும். அங்கே அது கட்டாயமும்கூட.

இதைச் சுந்தரர் நன்றாக அறிந்திருந்தார். திருத்தொண்டத்தொகையில் தனியடியார்களைப் பெயர் சொல்லி வணங்கியவர், ஒன்பது தொகையடியார்களையும் சேர்த்தார். அந்த ஒன்பதில் ஒன்று 'அப்பாலும் அடிச்சார்ந்தார்'. தமிழ் வழங்கும் நாட்டுக்கு அப்பால் இருந்தோர், தொகையில் சொல்லப்பட்ட தொண்டர்களின் காலத்துக்கு முன்னும் பின்னும் சிவனடி சேர்ந்தோர் என்று அதற்குப் பொருள் விரித்தார் சேக்கிழார். கண்ணப்பரைப் பாடும்போது உடுப்பூர், தந்தை நாகன், திண்ணன் என்ற இளமைப் பெயர், வேட்டை என்று ஒன்றையும் விடாமல் சொன்னவர் அவர். அதுதான் பெயருக்குச் செய்யும் மரியாதை. அப்பாலுள்ளோருக்கு அவர் பாடியது ஒரே ஒரு பாட்டு. ஊரும் பேரும் தெரியாத அடியாரைப் பற்றி வேறென்ன சொல்ல முடியும்? ஆனாலும் அவர்களை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. நாயன்மார்களின் புராணங்களுக்கு நடுவே அந்த ஒரு பாட்டையும் தனிப் புராணமாகவே வைத்தார்.