ஊர்ப் பெயரால் ஒரு தீர்ப்பு

மணப் பேச்சுத் தொடங்கும்பொழுது நம் பெரியவர்கள் முன்பு கேட்ட கேள்விகள் வேறு. யாருடைய பேரன், எந்தத் தெரு, தொழுகை எப்படி, கடன் உண்டா, முன்கோபம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். இன்று முதலில் வருவது “எந்த ஊரில் வேலை?” என்பதே. பதில் காதில் விழுந்த மறுகணமே கேட்டவரின் உள்ளத்தில் தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது. சென்னை என்றால் சற்றே ஆறுதல். பெங்களூர் என்றால் புருவம் உயர்கிறது. மும்பையில் இருப்பவர்களுக்கு இல்லறத்துக்கே நேரமில்லையாம். டில்லியில் இருப்பவர்களுக்குப் பகட்டே வாழ்வாம். இலண்டன், நியூயார்க் என்றால் பேச்சே வேண்டாம். அங்கே முப்பது வயதில் மணமாகாமல் இருப்பவர் எல்லாரும் ஒழுக்கத்தைக் கைவிட்டவர் என்றே முடிவு. தனித்து வாழும் அந்த ஆண் யார், அந்தப் பெண் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஊர் தெரிந்தால் போதும். ஆள் தெரிய வேண்டியதில்லை.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. கடற்கரைச் சிற்றூரில் இருப்பவர் சென்னையைப் பற்றிச் சொல்வதையே சென்னையில் இருப்பவர் பெங்களூரைப் பற்றிச் சொல்கிறார். பெங்களூரில் இருப்பவர் அதையே மும்பையின் மீது சாற்றுகிறார். நம் ஊருக்கு ஐந்து கல் தொலைவில் உள்ள சின்னஞ்சிறு கிராமத்தாரோ நம் ஊரைப் பற்றியே அவ்வாறு பேசிக்கொள்கிறார்கள் என்பதை அண்மையில்தான் அறிந்தோம். வளைகுடா நாடுகளின் நகரங்களில் இது இன்னொரு வடிவம் எடுக்கிறது. ஊரில் மனைவியும் நான்கு மக்களும் உள்ளவர் அங்கே தனி அறையில் தங்கியிருந்தால் அவர் ‘பேச்சுலர்’. குடும்பங்கள் வாழும் பகுதியில் அவருக்கு வீடு கிடைப்பது அரிது. பெயரனைக் கண்டவர்கூட அங்கே பிரமச்சாரிதான்! திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கிப் படித்தும் வேலை பார்த்தும் முன்னேறிய தலைமுறைகளை நாம் அறிவோம். அவர்களும் “குடும்பத்தினருக்கு மட்டும்” என்ற பலகையின் முன்னே நின்று திரும்பியவர்களே.

ஒன்றை இங்கேயே தெளிவுபடுத்தி விடுவோம். மணமாகாத ஆணும் பெண்ணும் தனித்துச் சந்தித்துப் பழகிப் பார்க்கும் ‘டேட்டிங்’ என்னும் வழக்கத்தை நம் மார்க்கம் ஏற்கவில்லை. அதில் நமக்குத் தயக்கம் இல்லை. அதைப் பற்றிய விவாதமும் இதுவன்று. அவ்வழக்கம் உள்ள ஊரில் ஒருவர் வசிக்கிறார் என்பதனாலேயே அவரும் அப்படித்தான் என்று முடிவு கட்டுவது ஆகுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. இக்கேள்வியை எழுப்பும் தகுதி நமக்கு உண்டா என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

ஊரைக் கொண்டு ஆளை அளக்கும் வழக்கம் புதியதன்று. பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் கருமிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த அந்நூலில் குராசானத்து மர்வ் நகரத்தார் பட்ட பாடு சொல்லி மாளாது. எல்லா ஊர்ச் சேவலும் தானியத்தைக் கொத்திப் பேட்டின் முன்னே வைக்குமாம். மர்வ் நகரத்துச் சேவல் மட்டும் பேட்டின் அலகில் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளுமாம். கருமித்தனம் அவ்வூர் மண்ணிலும் தண்ணீரிலுமே கலந்துள்ளது என்பது கதையின் முடிவு. படித்தால் சிரிப்பு வரும், நாமும் சிரித்திருக்கிறோம். ஆனால் அதே மர்வ் நகரத்தில்தான் ஹிஜ்ரி 118-ஆம் ஆண்டில் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) பிறந்தார்கள். ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஊராரின் பணப்பைகளை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். வழிச்செலவு முழுவதையும், வீட்டாருக்கு வாங்க வேண்டிய பரிசுப் பொருள்களையும்கூடத் தம் கைப்பணத்திலிருந்தே கொடுப்பார்கள். ஊர் திரும்பி விருந்தும் படைத்த பின்னர் அவரவர் பையை அவரவரிடமே ஒப்படைப்பார்கள். அக்காலத்தில் அவர்களுக்குப் பெண் கேட்டு வந்திருந்தால், “மர்வ் ஊரா? வேண்டாம், கஞ்சப் பயல்கள்!” என்று எந்த மாமனாராவது சொல்லியிருப்பாரோ என்னவோ.

மதீனாவையே எடுத்துக்கொள்வோம். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் அத்திருநகரம் பாடகர்களுக்கும் பெயர் பெற்றிருந்தது. மஃபத், ஜமீலா ஆகியோரின் இசை அங்கேதான் ஓங்கிற்று. அதே காலத்தில், அதே நகரத்தில், மஸ்ஜிதுந் நபவியில் அமர்ந்து பாடம் சொன்னவர்கள் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்கள். கலீஃபா அப்துல் மலிக் தம் மகன் வலீதுக்காக அவர்களின் மகளைக் கேட்டார். இமாம் அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிறகொரு நாள், பாடத்துக்குச் சில தினங்கள் வராதிருந்த ஏழை மாணவர் ஒருவர் வந்து, மனைவி இறந்துவிட்ட செய்தியைச் சொன்னார். மறுமணம் பற்றிக் கேட்டதற்கு, இரண்டு மூன்று திர்ஹம் வைத்திருப்பவனுக்கு யார் பெண் தருவார் என்று வருந்தினார். இமாம் அவர்கள் அங்கேயே தம் மகளை அவருக்கு நிக்காஹ் செய்து வைத்து, அன்று மாலையே மகளை அழைத்துச் சென்று அவர் வீட்டு வாயிலில் விட்டார்கள். மாணவரின் ஊரையோ தெருவையோ அவர்கள் விசாரிக்கவில்லை. பாடத்தில் எதிரே அமர்ந்த ஆளை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அப்படியானால் ஊருக்கு ஊர் வேறுபாடே இல்லையா? உண்டு. பெற்றோரின் அச்சம் வெறும் கற்பனை என்று நாம் சொல்ல மாட்டோம். சிற்றூரில் ஒருவரைக் காக்கும் கண்கள் நூறு. பெருநகரில் பக்கத்து அறைக்காரருக்கே பெயர் தெரியாது. நம் சபராளிகள் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போனார்கள். பினாங்கில் ஜாவி பெரனாக்கன் என்றும் பர்மாவில் ஜேர்பாதி என்றும் அழைக்கப்படும் மக்களின் முன்னோருள் கடல் கடந்து சென்று அங்கேயே குடும்பம் கண்ட இந்திய முஸ்லிம்களும் உண்டு. ஆகவே ஊர்ப் பேச்சுக்கு அடியில் ஏதோ ஓர் உண்மை கிடக்கலாம். அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சபர் போன மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க அன்று எவரும் மறுத்ததாகத் தெரியவில்லை. ரங்கூன் மாப்பிள்ளை என்றால் பெருமையாகவே இருந்தது. பெண் வீட்டார் முந்திக்கொண்டார்கள். அங்கே அவருக்கு இன்னொரு வீடு இருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலும் அதை அடக்கிக்கொண்டார்கள். இன்று படித்து, தகப்பனின் அனுமதியோடு, பெண்கள் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகளின் மீது அதே ஐயம் பாய்கிறது. ஆணுக்கு ஊர் பணத்தைத் தருகிறது. பெண்ணுக்கு ஊர் பழியைத் தருகிறது. ஐயம் உண்மையிலேயே பேணுதலிலிருந்து பிறந்தது என்றால் இரண்டு பேரிடமும் ஒரே அளவில் அல்லவா அது இருக்க வேண்டும்?

திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனம் ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறு கட்டளையிடுகிறது. அதற்குக் காரணமாக, அவற்றுள் சில பாவம் என்கிறது. சில பாவம் என்பதற்காகப் பலவற்றை விடச் சொல்லும் நுட்பத்தை மாணவர்களுக்குப் பல முறை விளக்கியிருக்கிறோம். எது அந்தச் சில என்று முன்கூட்டித் தெரியாது என்பதே அதன் பொருள். இனி 24-ஆம் அத்தியாயம் 32-ஆம் வசனத்தைப் பாருங்கள். துணையற்ற ஆண், பெண் இருபாலாருக்கும் மணம் செய்து வைக்கும் பொறுப்பை அது சமுதாயத்திடம் ஒப்படைக்கிறது. முப்பது வயதாகியும் ஒரு பெண் மணமாகாமல் இருக்கிறார் என்றால் விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். நாமோ கேள்வியை அவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

விசாரிப்பதே கூடாதோ என்று எவரேனும் நினைக்கலாம். இல்லை, விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும். நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவரான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில், புறம் பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைக் குறிப்பிடுகிறார்கள். மணத்துக்காக ஆலோசனை கேட்கப்படும்பொழுது உண்மையைச் சொல்வது அவற்றுள் அடங்கும். அதற்குச் சான்றாக அவர்கள் எடுத்துக்காட்டும் ஹதீஸ்களில் ஒன்று ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பற்றியது. முஆவியா, அபூ ஜஹ்ம் ஆகிய இருவர் பெண் கேட்டபொழுது அவ்வம்மையார் நாயகம் (ஸல்) அவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். முஆவியாவிடம் பொருள் இல்லை என்றும், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்றும் விடை வந்தது. இருவரும் மக்காவின் குறைஷிகள். ஊரைப் பற்றி ஒரு சொல் இல்லை; குலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இவரிடம் இது, அவரிடம் அது, அவ்வளவே.

இதை எழுதி வைத்த இமாம் நவவீ அவர்களே மணம் செய்யாதவர்கள். திமஷ்க் என்னும் பெருநகரில், மதரஸாவின் சிற்றறை ஒன்றில் தனித்து வாழ்ந்து, ஹிஜ்ரி 676-இல் நாற்பத்தைந்து வயதளவில் மறைந்தார்கள். அதே நகரில் இப்னு தைமிய்யாவும் மணமின்றியே வாழ்ந்தார்கள். பெருநகரத்துத் தனியர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு இவர்கள் வருவதில்லையே, ஏன்?

உமர் (ரலி) அவர்களைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று உண்டு. ஒருவரின் ஒழுக்கத்துக்குச் சான்று சொல்ல வந்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்டார்களாம். நீர் அவருடைய அண்டை வீட்டாரா? அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? அவரோடு பயணம் போனதுண்டா? மூன்றுக்கும் இல்லை என்று விடை வரவே, அவரை உமக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்லவர் என்று சொல்வதற்கே இவ்வளவு வேண்டுமென்றால், மறுதலையாகச் சொல்வதற்கு எவ்வளவு வேண்டும்!

இனி நம் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் மஃரிபுக்குப் பிறகு நம்மிடம் வந்தார். நம் மஹல்லாவைச் சேர்ந்த பெண்ணொருவரைப் பார்த்திருப்பதாகவும், பெண் பெங்களூரில் கணினி வேலையில் இருப்பதாகவும் சொல்லி நம் கருத்தைக் கேட்டார். பெண்ணின் தகப்பனாரை நாம் அறிவோம், பெண்ணை அறியோம். “பெங்களூரா?” என்றோம். சற்று நிறுத்தி, “அல்லாஹ் காப்பாற்ற வேண்டும்” என்றோம். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வந்தவர் தலையசைத்துவிட்டு எழுந்து போனார். அச்சம்பந்தம் நின்றுவிட்டது.

நாம் குறை ஒன்றும் கூறவில்லையே என்று பல நாள் நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்தவர் நாம். புறம் பேசுதல் நாவால் மட்டுமன்று, கண்ணாலும் கையாலும் குறிப்பாலும் நிகழும் என்றும், அதில் மிகக் கெட்டது பக்தியின் சொற்களைப் போர்த்திக்கொண்டு ஓதியவர்கள் செய்வது என்றும் அதில் வருகிறது. அவ்விடத்தை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். யாரையோ பற்றியதாகவே வாசித்திருக்கிறோம்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பெண்ணின் தகப்பனார் வீடு தேடி வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. “ஹஜ்ரத், என் மகளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? தெரிந்தால் சொல்லுங்கள், தகப்பன் நானும் தெரிந்துகொள்கிறேன்” என்றார். ஒன்றும் தெரியாது என்றோம். அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்கள் தங்கை மகனை ஓதுவதற்கு அனுப்பியிருக்கிறீர்களே, அது எந்த ஊர்?” என்று கேட்டார்.

பெங்களூர்தான். ரஷாதி என்று பெயருக்குப் பின்னே போட்டுக்கொள்ளும் ஆலிம்கள் தமிழகமெங்கும் உள்ளார்கள். அவர்கள் ஓதிய ஸபீலுர் ரஷாத் அரபிக் கல்லூரி இருப்பது அந்நகரில்தான். பையனை அங்கே அனுப்பியபொழுது நமக்கு அது இல்மின் ஊராகத் தெரிந்தது. ஒரே ஊர், ஒரே வாயால் இரண்டு பெயர் சொல்லியிருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்டோம். “மன்னிக்க நான் யார் ஹஜ்ரத்? அவளிடம் கேளுங்கள்” என்றார். புறம் பேசியது உரியவரின் செவிக்கு எட்டாதிருந்தால், அவருக்காக துஆச் செய்து, பேசிய சபையிலேயே அவரைப் புகழ்ந்தால் போதும் என்று கூறும் அறிஞர்கள் உண்டு. எட்டிவிட்டால் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். மன்னிப்பது விரும்பத்தக்கதே தவிர, பாதிக்கப்பட்டவர் மீது கடமையும் அன்று. இச்சட்டங்களெல்லாம் நமக்குத் தெரியும். அந்தத் தெருவில் நடந்து போவதற்கு அவற்றால் உதவி ஏதும் கிடைக்கவில்லை.

பெருநாள் விடுமுறைக்கு அப்பெண் வந்திருந்தார். தாயாரோடு உள்வாசலருகே நின்றுகொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, “மகளே, நாம் அறியாததைப் பேசிவிட்டோம்” என்றோம்.

“அந்த வீட்டாரிடமும் இதைச் சொன்னீர்களா?” என்று கேட்டார்.

சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு அதற்குள் வேறிடத்தில் மணமும் ஆகிவிட்டிருந்தது. அதையும் சொன்னோம்.

“அது போகட்டும் ஹஜ்ரத். இனி யாராவது வந்து கேட்டால், அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள். தகப்பனாரைத் தெரியும், பிள்ளையைத் தெரியாது. அது போதும்.”

மன்னித்தேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நாமும் மீண்டும் கேட்கவில்லை. தாயார் சுலைமானி கொண்டுவந்து வைத்தார், குடித்துவிட்டு எழுந்தோம்.