துயருற்ற மாணாக்கனுக்கு யாது கூறுவது?

மாணாக்கர்க்கு உள்ளத் திண்மை பயிற்றல் வேண்டுமென்று ஆசிரியராகிய நாம் அடிக்கடி பேசுகின்றோம். திண்மையாவது அழாமையோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், பூரணை கூடிய ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை கல்முனைக் கரையோரத்தை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் 10,000க்கு மேற்பட்டோர். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்னும் ஊர்களில் முஸ்லிம் இல்லமென்றும் சைவ இல்லமென்றும் அலை வேறுபாடு பார்த்திலது.

பாடசாலை மீளத் திறந்தபின், தாயை இழந்த சிறுவனொருவனை நோக்கி, "எல்லாம் வினைப்பயன்; அழாதே" என்றோம். அவன் அழுகையை நிறுத்தினான், பேச்சையும் நிறுத்தினான். யாம் கூறியது சாத்திரத்துக்கு மாறன்று. ஆயினும் கூறியது பிழை. வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தானே ஆராய்வானுக்கு விளக்காகும். பிறன் துன்பத்தின்மேல் அதனை ஏற்றுவோமாயின் பழிசுமத்தலாய் முடியும். தான் செய்த ஏதோவொரு பிழையாலேயே தாய் மாண்டாளென அச்சிறுவன் கொண்டுவிட்டான். இதனை யாம் அறியப் பல திங்கள் சென்றன.

பின்னர் உபதேசத்தை விடுத்தோம். மணி தவறாது வகுப்பு நடந்தது, மாலையிற் பந்தாட்டம், இடையே படம் வரைதல். அவன் நாடோறும் கடலையே வரைந்தான். யாதும் வினவாது அருகிருந்தோம். ஒருநாள் கரையில் ஒரு பெண்ணுருவை வரைந்து, "அம்மா" என்று வாய்விட்டழுதான். யாம் தடுத்திலோம்.