தெரிந்தவருக்கு என்ன விலை?



அருப்புக்கோட்டை நெசவுத் தெருவில் ஒரு வீடு. உறவுக்காரி ஒருத்தி வந்து, தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலையைத் தடவிப் பார்த்து, "எனக்கு என்ன விலைக்குத் தருவீங்க?" என்று கேட்கிறாள். பதில் சொல்ல நா எழவில்லை. பணம் வாங்கினால் உறவு கெடுமோ என்ற பயம். வாங்காவிட்டால் அடுத்த பாவுக்கு நூல் ஏது? தெரிந்தவரிடம் விற்பது தகுமா?

முதலில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சேலை ஒருவர் கையால் மட்டும் ஆவதில்லை. பாவு ஓட்ட வேண்டும், கஞ்சி போட வேண்டும், இழை பிணைக்க வேண்டும், ராட்டையில் தார் சுற்ற வேண்டும். தார் சுற்றுகிறவள் பெரும்பாலும் வீட்டுப் பெண். அவளுக்கென்று தனிக் கூலி இல்லை. உறவுக்காக நீங்கள் குறைக்கும் ரூபாய் அவள் உழைப்பிலிருந்தும் போகிறது. அவளைக் கேட்டீர்களா? பிறர் உழைப்பைக் கொண்டு தாராளம் காட்டுவது தருமமாகாது.

அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரில் கூடாரத் தொழில் செய்தார். தங்கியதும் அதே தொழில் செய்த அக்கில்லாவின் வீட்டில்தான். தொழிலும் நட்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. உழைப்புக்கு விலை பெறுவது அன்புக்கு விரோதமல்ல.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸின் கடைக்குப் போனால், சீட்டில் கண்ட விலையைப் பேரமின்றிக் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுத் தறிக்காரரிடம் மட்டும் குறைத்துக் கேட்டு, மீதியை "அப்புறம் பார்க்கலாம்" என்கிறோம். முகம் அறியாதவருக்கு ரொக்கம், தெரிந்தவருக்குக் கடன்! இதுவா உறவு?

விற்கிறவருக்கும் கடமை உண்டு. தெரிந்தவர் வீடு தேடிப்போய்ச் சேலையை விரித்தால், வேண்டாமென்று சொல்ல அவருக்கு மனம் வராது. திருச்சுழிப் பக்கம் மழையை நம்பி மானாவாரி விதைக்கும் குடும்பம், முகதாட்சண்யத்துக்காக வட்டிக்கு வாங்கி உங்களுக்குக் கொடுத்தால், அந்தப் பாரத்தில் உங்களுக்கும் பங்குண்டு. நெசவில் குறை இருந்தால், அவர் கண்டுபிடிக்குமுன் நீங்களே காட்டுங்கள்.

ஆகையால் விற்கலாம். விலையை முதலிலேயே சொல்லுங்கள். அந்நியருக்குச் சொல்வதையே சொல்லுங்கள். இல்லாதவளுக்குக் கொடுக்க மனமிருந்தால், வீட்டாரோடு கலந்து பேசி, முழுதாகவே கொடுத்துவிடுங்கள். பாதி விலைக்குப் போன சேலைதான் இரண்டு வீட்டிலும் மனத்தாங்கலாய் நிற்கும்: இவர் தானம் கொடுத்ததாக நினைப்பார், அவர் விலை கொடுத்து வாங்கியதாக நினைப்பார்.