துருவின் மேல் பூசிய வர்ணம்



நமது கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் இரண்டு இரும்பு பெஞ்சுகள் கிடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பூசை முடிந்ததும் முதியவர்கள் இளைப்பாறுவதும், ஞானோபதேசத்துக்கு வரும் பிள்ளைகள் ஏறிக் குதிப்பதும் அவற்றின் மேல்தான். சென்ற வருஷம் திருவிழா நெருங்கியபோது, கொடியேற்றத்துக்குள் முற்றம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் தகடுகளைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்த பெரியவர் ஒருவர் நம் பங்கில் இருக்கிறார். அவர் பெஞ்சின் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாமி, உள்ளே துரு இருக்குது. சுரண்டாம மேலே அடிச்சா, அது உள்ளேயே தின்னும்" என்றார். "திருவிழா முடியட்டும் ஐயா, பார்க்கலாம்" என்றேன். பச்சை வர்ணம் பூசினோம். பார்த்தவர்கள் மெச்சினார்கள். திருவிழாவும் முடிந்தது, நான் பார்க்கவில்லை.

இந்த வருஷம் விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெஞ்சின் கால் ஒடிந்தது. அதில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான தாயார் விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து, இப்போது மாவுக்கட்டோடு இருக்கிறார். நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பெஞ்சுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு சாமி" என்று சிரித்தார். ஆனால் குற்றம் பெஞ்சினுடையதல்ல. எச்சரித்தும் கேளாத என்னுடையது. உங்கள் எல்லோருக்கும் முன்பாக இதை ஒப்புக்கொள்வது என் கடமை.

ஒடிந்த காலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே பச்சை வர்ணம் பளபளவென்றிருக்கிறது. உள்ளே இரும்பு வெற்றிலை போல மெலிந்திருக்கிறது. இரும்பும் ஈரமும் காற்றும் கூடினால் துரு உண்டாகும். ராயபுரத்துக்கு அப்பால் கடல் இருக்கிறபடியால், நம் மூலக்கொத்தளத்துக் காற்றிலே உப்பும் சேர்ந்து வருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருவை விரைவுபடுத்தும். அன்றியும், தான் தின்ற இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும். ஆகவே மேலே உள்ள வர்ணத்தைக் கொப்பளமாய்த் தூக்கி விரிசலாக்கும். விரிசல் வழியே மறுபடியும் ஈரம் இறங்கும். துருவின் மேல் பூசிய வர்ணம் துருவை அடக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அதை மூடி வைக்கிறது, அவ்வளவே.

கடற்காற்றில் இரும்பைக் காப்பது எத்தகைய உழைப்பு என்பதற்குப் பாம்பன் ரயில் பாலம் சாட்சி. 1914-ல் திறந்த அந்தப் பாலத்தில் துரு நீக்கி வர்ணம் பூசுவது ஓயாத வேலையாயிருந்தது. 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்படும் வரை, நூறு வருஷத்துக்கு மேல் அது உழைத்தது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்துக்கும் உப்பைத் தாங்கும் விசேஷப் பூச்சு தேவைப்பட்டது. ஒருநாள் அலங்காரத்தால் ஒரு பாலமும் நிற்பதில்லை.

மற்றப் பெஞ்சைச் செம்மையாக்கும் முறையை அந்தப் பெரியவரே எனக்குக் கற்பித்தார். உங்கள் வீட்டு வாசல் நாற்காலி, மாடிக் கட்டில், கேட்டு எல்லாவற்றுக்கும் இதுவே முறை. முதலில் தலைகீழாய்க் கவிழ்த்து, பாதமும் பற்றவைத்த மூலைகளும் பாருங்கள். துரு ஒளிந்திருப்பது அங்கேதான். தளர்ந்த வர்ணத்தைச் சுரண்டியால் எடுத்து, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு வெளுக்கும் வரை தேயுங்கள். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, வெயிலில் நன்றாய்க் காயவிட்டு, இலேசாக மறுபடி தேய்த்து, அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடியுங்கள். அது காய்ந்தபின் எனாமல் இரண்டு கை.

ஓர் எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1-ல்தான் அமலுக்கு வந்தது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். ஆகையால் பழைய வர்ணத்தை நெருப்பால் எரிக்காதீர்கள், ஈரமாக்கித் தேயுங்கள், மாஸ்க் அணியுங்கள், கீழே விரித்த தாளோடு தூளைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அருகில் வேண்டாம்.

பிரியமானவர்களே, எசேக்கியேல் தீர்க்கதரிசி துருவேறிய ஒரு கொப்பரையைப் பற்றிப் பேசுகிறார். வெறும் கொப்பரையை நெருப்பின் மேல் வைத்தும் துரு போகவில்லை என்பது அவர் புலம்பல். தபசுகாலத்தில் நம் ஆத்துமத்தையும் அப்படிக் கவிழ்த்துப் பார்க்கவேண்டாமா? திருவிழாவன்று புதுத்துணி உடுத்தி ஒரே வரிசையில் நிற்கிற அண்ணன் தம்பி, தகப்பனார் விட்டுப்போன ஒரு அறை வீட்டுக்காக வருஷக்கணக்காய்ப் பேசுவதில்லை. ஊரார் கண்ணுக்கு வர்ணம் நன்றாயிருக்கிறது. உள்ளே என்ன தின்கிறதென்று அவர்களுக்குத் தெரியும், சர்வேசுரனுக்கும் தெரியும்.

ஆத்தும சோதனை என்பது கவிழ்த்துப் பார்ப்பது. பாவசங்கீர்த்தனம் என்பது இரும்பு வெளுக்கும் வரை சுரண்டுவது, அது நோகும். ஆனால் சுரண்டிய இரும்பை இரவெல்லாம் வெறுமையாய் விட்டால், காலையில் மறுபடி செந்துரு படியும். ஆகையால் பாவமன்னிப்புப் பெற்ற அன்றைக்கே போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டுங்கள். காலே அரித்துப்போன இடத்தில் சுரண்டல் மட்டும் போதாது. புது இரும்பு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதுபோல, பிறன் பங்கை எடுத்தவன் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தப் பெரியவர் முற்றத்துக்கு வருகிறார். நான் சுரண்டியோடு நிற்பேன். வாலிபர்களே, கம்பி பிரஷ் கொண்டு வாருங்கள். அன்று மாலை ஐந்து மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் இருப்பேன். எனக்கும் பாவசங்கீர்த்தனம் உண்டு. அதற்கு நான் முந்தின நாளே வேறொரு குருவிடம் போய் வருவேன்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு