பன்னிரண்டு வயதின் கேள்விகள்



திருக்குடும்பத் திருவிழாவான இன்று நாம் கேட்ட லூக்கா நற்செய்தியில் இயேசுவுக்கு வயது 12. நம் கணக்கில் ஏழாம் வகுப்பு. கோவிலில் போதகர்கள் நடுவே அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறார். அவரும் கேள்விகள் கேட்கிறார். பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய் என்று அங்கே யாரும் அவரைக் குடைந்ததாக லூக்கா எழுதவில்லை.

நம் வீடுகளில் தலைகீழ். டாக்டரா, இன்ஜினியரா என்று நாம்தான் கேட்கிறோம். பிள்ளை ஏதாவது கேட்டால், போய்ப் படி என்கிறோம். கொத்து வேலை முடித்து வரும் அப்பா, "என்னை மாதிரி ஆயிடாதே, ஒழுங்காப் படி" என்கிறார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பிள்ளைக்கு என்ன விளங்குகிறது? வேலை ஒரு தண்டனை, படிப்பு அதிலிருந்து தப்ப ஒரு வழி. பயந்து படிக்கிற படிப்பில் ஆசை எங்கிருந்து வரும்? அதே அப்பா ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிப்போய், மூலைமட்டம் பார்க்க மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூல் பிடிப்பதைக் காட்டட்டும். எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் வரும்போது, இது எங்கப்பா போடுற கணக்கு என்பாள்.

பிள்ளையை வேலைக்கு அனுப்பச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 14 வயதுக்குள் பிள்ளைகளை வேலைக்கு வைப்பது சட்ட விரோதம். நான் சொல்வது பார்ப்பதும் கேட்பதும் மட்டுமே.

தொழில் பழகுவது தண்டனையாக இருக்க வேண்டியதில்லை. புனித தொன் போஸ்கோ 1852-இல் தூரின் நகரில் ஒரு பையனைத் தச்சரிடம் தொழில் பழக விட்டபோது, ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். தொழிலை ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும். தவறு செய்தால் வாயால் திருத்தலாம், கை ஓங்கக் கூடாது. திருநாள்களில் பையனுக்கு ஓய்வு. தொழில் பழக வந்தவனை எடுபிடியாக வைத்து அடித்த காலம் அது. நாசரேத்தூரில் தச்சர் என்றே அறியப்பட்ட இயேசுவைத் தொழுத அருள்தந்தைக்கு அந்தப் பையனின் மாண்பு தெரிந்திருந்தது.

மீண்டும் நற்செய்திக்கு வருவோம். கோவிலில் இயேசு சொன்ன பதில் பெற்றோரான மரியாவுக்கும் சூசைக்கும் புரியவில்லை. புரியாததற்காக அவர்கள் அவர் வாயை அடைக்கவில்லை. மரியா எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டார்.

அதனால்தான் ஜனவரி மாத அன்பியக் கூட்டங்களுக்கு நம் பங்கைச் சேர்ந்த செவிலியர், லைன்மேன், தையல்காரர், வங்கி ஊழியர் ஆகியோரை அழைத்திருக்கிறேன். சொற்பொழிவு கிடையாது. ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள், வந்தவர்கள் பதில் சொல்வார்கள். பெற்றோர் தயவுசெய்து குறுக்கிட வேண்டாம்; சம்பளம் எவ்வளவு என்று பிள்ளை கேட்டாலும்கூட.