வமிசம் எதற்காக?

தமிழகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற முஸ்லிம் வணிகர் பலர் மலாய்ப் பெண்களை நிக்காஹ் செய்து அங்கேயே குடியமர்ந்தனர். அவர்தம் சந்ததியினர் ‘ஜாவி பெரனாக்கான்’ எனப்பட்டனர். 1876-ல் சிங்கப்பூரில் அதே பெயரில் அவர்கள் தொடங்கிய இதழே முதல் மலாய்ப் பத்திரிகையாகக் கருதப்படுகிறது. ஒரு மொழிக்கே அரும்பணி செய்த மக்கள் அவர்கள்!

ஆயினும் இத்தகைய பிள்ளைகளை, “நீ எந்த இனம்?” என்று உலகம் ஓயாமல் கேட்கிறது. சிங்கப்பூரில் 2011 முதல் தாய் தந்தை இருவரின் இனத்தையும் சேர்த்தே பதியலாம். அரசாங்க ஏட்டில் இடம் கிடைத்துவிட்டது. நம் உள்ளத்தில்?

பள்ளிவாசலில் நம்மோடு தோள் சேர நின்று தொழுதவரின் வீட்டில் சம்பந்தம் பேச வந்தால், “அவர்கள் கலப்பு” என்று தட்டிக்கழிக்கிறோமே, இது நியாயமா? கிளைகளும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே ஆக்கப்பட்டன. இறையச்சம் மிக்கவரே மேலானவர் என்பது திருமறையின் 49-ஆம் அத்தியாயம் தரும் போதனை.

மதிப்புத் தேடித் தந்தைவழியை மறைப்பதும் தவறே. பெற்ற தந்தையை மறுப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். சுமந்து பெற்ற தாயின் வழியை மறப்பது மட்டும் முறையாகுமா?

இரு வழியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். எதைக் கொண்டும் எவரையும் தாழ்த்தாதிருப்போம். வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.