வேலிக்குப் பூ, துணிக்கு வெயில்

வீடு கட்டி முடித்த கிரகஸ்தர் ஒருவர், கையிருப்பெல்லாம் கரைந்த பிறகு மிச்சமிருக்கும் துண்டு நிலத்துக்குத் தோட்டம் என்று பெயரிட்டு, சாயங்கால வேளையில் அங்கே காற்று வாங்க வரும்போது, அவர் கண்ணில் முதலில் படுவது ரோஜாவும் அன்று, துளசிமாடமும் அன்று. துருவேறிய முள்கம்பி வேலியும், அதற்கு முன்னால் மாமரத்திலிருந்து குளியலறைச் சன்னல் வரை இழுத்துக் கட்டிய நைலான் கயிற்றில் ஆடும் லுங்கியுந்தான். பழைய வீடுகளில் இந்தச் சங்கடம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்தவனுக்குத் தெரு தெரியும், கொல்லைப்புறம் தெரியாது. முற்றத்துக்கும் இரண்டாங்கட்டுக்கும் அப்பால் கிணற்றடியோடு கிடந்த கொல்லை, மனைகள் சுருங்கச் சுருங்க நகர்ந்து வந்து வாசலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே இவ்விரண்டு அவலட்சணங்களையும் எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்று அவர் தவிப்பதில் வியப்பில்லை. ஆனால், இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வது சரியன்று என்பது என் அபிப்பிராயம்.

வேலியைப் பற்றி எனக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை, தாராளமாக மறைக்கலாம். வேலி அவலட்சணமானதே அண்மைக் காலத்துச் சங்கதி. 1874-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்து விவசாயியான ஜோசப் கிளிடன் தாம் செய்த முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மரம் அருகிய அந்நாட்டுப் புல்வெளிகளில் மாடு பயிரில் இறங்காமல் தடுக்க அது வேண்டியிருந்தது. நமக்கோ வேலி என்பது பெரும்பாலும் உயிருள்ள பொருளாகவே இருந்தது. காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். போத்தை வெட்டி நெருக்கமாக நட்டுவிட்டால், மழைக்குத் துளிர்த்து, கோடைக்கு இலை உதிர்த்து, முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொண்டு நெடுங்காலம் நிற்கும்; அவ்வப்போது கழித்துவிடுவது தவிர வேறு செலவில்லை. யாழ்ப்பாணத்தில் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியால்களாக, அதாவது உயிருள்ள வேலிக்கால்களாக, நின்று துளிர்க்க, அவற்றுக்கிடையே கிடுகு என்னும் பின்னிய தென்னோலையையோ பனையோலையையோ வரிந்து கட்டினார்கள். ஓலை மக்கியதும் பிரித்தெடுத்துத் தோட்டத்துக்கு எருவாக்கிவிட்டுப் புதிது வேய்ந்தார்கள். நொச்சியும் ஆடாதொடையும் வேலியில் நின்றால் ஆடு வாய் வைக்காது. வீட்டில் சளி பிடித்தவனுக்கு மருந்து தேடி அலையவும் வேண்டாம். இப்படிப்பட்ட வேலியை மறைக்க வேண்டும் என்று எவருக்குத் தோன்றும்?

முள்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கிளுவை நட்டு வளர்க்கும் பொறுமை நகரவாசிக்கு இல்லையாதலால், அதன்மேல் கொடியை ஏற்றிவிடுவதே கைகண்ட உபாயம். எதை ஏற்றுவது என்பதில் மட்டும் சிறிது விவேகம் வேண்டும். காகிதப்பூ கண்ணுக்கு ரம்மியமானதுதான். ஆனால் தண்டு விறகாக முற்றியபின், கம்பியையும் கல்தூணையும் சேர்த்துச் சாய்க்கும் பாரம் அதற்கு உண்டு. மெல்லிய வேலிக்குச் சங்குப்பூ, முடக்கத்தான், கோவை, பிரண்டை போன்ற மெல்லிய கொடிகளே பொருந்தும். ஆடியில் ஊன்றிய அவரை மார்கழிப் பனியில் வேலியே தெரியாமல் பூத்து, பொங்கலன்று குழம்புக்கும் காய் தரும். அழகு ஒன்றே போதும் என்பவருக்கும், உறுதியான கால் நட வசதியுள்ளவருக்கும் இரங்கூன் மல்லியைச் சிபாரிசு செய்வேன். அந்தியில் விரியும்போது அதன் பூ வெண்மை, மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்குப் பின் நல்ல சிவப்பு. வெவ்வேறு நாளில் மலர்ந்தவை ஒரே கொத்தில் மூன்று நிறமாகத் தொங்க, இருட்டியதும் வெள்ளைப் பூவின் வாசனையை நாடி அந்துப்பூச்சிகள் வரும். ஒன்று சொல்லி வைக்கிறேன்: கொடிக்கு எந்தப் பக்கம் வெயிலோ அந்தப் பக்கமே பூ. நாம் நீர் வார்க்க, அண்டை வீட்டார் பார்த்து மகிழ நேரலாம். அதற்காக மனம் புழுங்குகிறவர்கள் கொடி வைக்காமல் மதில் எழுப்பிக்கொள்வது மேல்.

துணிக்கொடியின் நியாயம் வேறு. இலை மூடினால் வேலியின் தொழில் குறைவதில்லை. நிழல் விழுந்தால் துணிக்கொடிக்குத் தொழிலே இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் காயாமல் கிடந்த துணியின் முடைநாற்றத்தை அறியாத வீடு உண்டா? அம்மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், கொடிக்குத் தென்புறம் உயர்ந்து நிற்கும் எந்தப் பந்தலும் உள்ள வெயிலையும் தட்டிப் பறித்துவிடும். மறைப்பு வேண்டுமானால் வடபுறத்தில், காற்று ஊடுருவும்படி, மூங்கில் தட்டியாக இருக்கட்டும். மரத்தடி கூடவே கூடாது. மழைக்காலத்தில் முருங்கை மரத்தின் பட்டையில் கூட்டங்கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சிகளின் ரோமம் கீழே உலரும் வேட்டியில் விழுந்திருப்பதை எவரும் கண்ணால் காண்பதில்லை. இடுப்பில் உடுத்திய சிறிது நேரத்தில் அறிந்துகொள்வார்கள்.

மறைத்து உலர்த்தும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. எந்தக் கொடியையும் சற்று அருகில் சென்று பாருங்கள். தெருவைப் பார்த்த கயிற்றில் புடவை நீளமாக விரிந்திருக்கும். அதன் மறைவில், உட்கயிற்றில், ஒரு துண்டையும் மேலே போர்த்துக்கொண்டு, பெண்மக்களின் உள்ளாடைகள் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். ஆண்பிள்ளையின் பனியனோ வீதியைப் பார்த்துக்கொண்டு கூச்சமின்றித் தொங்கும். மாதவிலக்குத் துணி கொடிக்கே வராமல் குளியலறை ஆணியில் இருட்டில் கிடக்கும். எது உடம்போடு ஒட்டுகிறதோ, எதை நல்ல வெயிலில் காயவைக்கும்படி வைத்தியர்கள் சொல்லிச் சொல்லி அலுக்கிறார்களோ, அதற்கே வெயில் மறுக்கப்படுகிறது. துணிக்கொடிக்குத் தட்டி அடிக்கலாம் என்று நான் இணங்குவது இந்த ஒரு காரணத்தால்தான். விருந்தாளியின் கண்ணுக்கு லுங்கி படக்கூடாது என்பதற்காக அன்று. தெருவுக்குத் தட்டி திரையானால், புடவை திரையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காக.

வேலிக்கும் துணிக்கொடிக்கும் உள்ள வேறுபாட்டை உணராத நாகரிகம் துணிக்கொடியையே குற்றமாக்கிவிடுகிறது. அடுக்கு வீடுகளில் பால்கனியில் துணி தொங்கக்கூடாது என்று விதி செய்கிறார்கள். வட அமெரிக்காவில் இத்தகைய தடைகள் பெருகி, வெயில் காய்ந்துகொண்டிருக்க மின்சார யந்திரத்தில் துணி உலர்த்தும் விசித்திரம் முற்றியபின், கனடாவின் ஒன்டாரியோ மாகாண அரசு 2008-இல் தலையிட்டு அவற்றைச் செல்லாமல் ஆக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடிகளிலோ, மூங்கிற் கழியைச் செருகவென்றே சன்னலுக்கு வெளியே குழாய்களைப் பதித்தார்கள். சீனர் சட்டையும் தமிழர் புடவையும் அடுத்தடுத்துக் காய்ந்தன. நம் பாட்டிமார்கள், விளக்கு வைத்த பிறகு கொடியில் துணி கிடக்கலாகாது என்று கண்டிப்பாக இருந்தார்கள். துணியோடு கயிற்றையும் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டால், சாயங்காலம் வருகிறவர்களுக்கு இரண்டு கொக்கிகள் மட்டுமே தெரியும்.

வீட்டு வரைபடத்தில் பூஜையறைக்கு இடம் உண்டு, காருக்கு இடம் உண்டு, இப்போது செருப்புக்கும் அலமாரி உண்டு. துணிக்கொடிக்கு ஒரு கோடுகூட இல்லை. பொறியாளரை நொந்து பயனில்லை. அவரோடு பேசப் போனவர்கள் பெரும்பாலும் துணி உலர்த்தாதவர்கள். எங்கள் வீட்டில் கொடிக்கு இடம் பார்ப்பதை என் மனைவியிடமே விட்டுவிட்டேன். அவள் மூலை முடுக்குகளைத் திரும்பியும் பாராமல், ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படி இறங்க வேண்டாதபடி, சமையலறைக் கதவுக்கு நேரே திறந்த வெயிலில் இடம் காட்டினாள். கயிறும் அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் கட்டப்பட்டது. எனவே, விளக்கு வைக்கும் வரையில் நான் அந்தப் பக்கம் குனிந்தே நடமாடுகிறேன்.